கடைசிக் கால்மணி நேரம்

சிவமலரை ஓரிடத்தில் இருத்திவைக்கப் பெற்ற தாயாலும் முடியவில்லை, கட்டிய மகேந்திரராசாவாலும் முடியவில்லை. கொக்குவிலிலிருந்து எண்பத்தொன்பதாம் ஆண்டு மொன்றியலுக்கு வந்தவள், ஏழு வருடத்துக்குள் ஐந்து வீடு மாறிவிட்டாள். லாசாலில் இருந்த வீடு குளிர் என்றாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் மேல்மாடிக்காரன் நடக்கிற சத்தம் தாங்க முடியவில்லை என்றாள். அதற்கடுத்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுவே அவளுக்குப் பெரிய குறையாகப் போய்விட்டது. "எல்லாப் பெட்டியையும் அவிழ்க்காதையும், ரெண்டொண்டு கட்டினபடியே கிடக்கட்டும்" என்று மகேந்திரராசா பகிடி விடுவார். பகிடிதான் என்றாலும், தன்னுடைய புத்தகப் பெட்டியை அவர் கடைசிவரை அவிழ்க்கவில்லை.

சாப்பிடுவதும் நின்றபடிதான். பஸ் வரச் சுணங்கினால் அடுத்த தரிப்புக்கு நடக்கத் தொடங்கிவிடுவாள். அவள் நடுவழியில் நிற்கும்போது பஸ் அவளைக் கடந்து போகும். அதைக் கண்டும் திருந்தியவள் இல்லை.

இப்படிப்பட்டவளுக்குப் படம் பார்க்கிற பைத்தியம் பிடித்ததுதான் வேடிக்கை. ஷபனெல் தெருவில் குளிருக்குப் போடும் மேலங்கி தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. வேலை பின்னேரமே முடிந்துவிடும். மகன் லக்ஷனை விட்டிருந்த கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகமோ ஆறு மணிவரை திறந்திருக்கும். மகேந்திரராசாவுக்கு அந்த நேரத்தில் வேலை. இடையில் கிடைக்கிற பொழுதை வீட்டில் போய்த் தனியே இருந்து கழிக்க அவளால் முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியபோது ஒரு தியேட்டர் வாசலில் ஒதுங்கினாள். செவ்வாய் என்றால் அரை விலை என்று எழுதியிருந்தது. உள்ளே போனாள். அதற்குப் பிறகு எந்தச் செவ்வாயும் தவறியதில்லை.

உள்ளே போனாலும் ஆள் மாறிவிடவில்லை. கதவுக்குப் பக்கத்து ஓரக் கதிரையில், மேலங்கியைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் எழும்பத் தயாராகத்தான் இருப்பாள். படம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது உண்மையிலேயே எழும்பிவிடுவாள். மெற்றோ பிடித்து ஓடினால்தான் கார்டெரி பூட்டுமுன் போய்ச் சேரலாம். இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ அமெரிக்கப் படம் பார்த்துவிட்டாள். ஒன்றினுடைய முடிவும் அவளுக்குத் தெரியாது.

அது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. குறைப்பட நேரமும் இல்லை, ஏனென்றால் புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தையல் வேலை செய்கிற தமிழ்ப் பெண்கள் எட்டுப் பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தியேட்டருக்குப் போக நேரமும் இல்லை, பாஷையும் இல்லை. சிவமலருக்கும் பாஷை அரைகுறைதான். காதில் விழுந்தது கால்வாசி, கண்ணால் கண்டது அரைவாசி, மிச்சம் அவளுடைய கைச்சரக்கு. கண், காது, மூக்கு வைத்து ஒரு படத்தைப் புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாளுக்கு இழுப்பாள். வெள்ளிக்கிழமைதான் முடிவு.

வெள்ளைக்காரப் பெயர்கள் யாருக்கும் வாயில் நுழையாது. ஆகவே அவள் எல்லோருக்கும் ஊர்ப் பட்டம் வைத்தாள். குதிரையில் வந்து ஊருக்குத் தண்ணீர் விடாமல் மறித்த பெரிய பண்ணைக்காரன், ஊரில் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளி மாதிரி, 'சம்மாட்டி' ஆனான். நட்சத்திரம் குத்திய ஊர்க்காவலன் 'விதானையார்' ஆனான். விண்வெளியில் மாட்டிக்கொண்ட ஏழு பேரைப் பற்றிச் சொல்லும்போது, அந்தக் கப்பல் எப்படி நின்றதென்று விளங்கவைக்க, வழியில் பழுதாகி நின்ற யாழ்தேவி ரயிலைக் கதைக்குள் இழுத்தாள். மூச்சுவிடக் காற்று தீர்ந்துகொண்டிருந்தபோது அவள் மெற்றோவுக்கு ஓடியிருந்தாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஏழு பேரும் சுகமாகத் தரையிறங்கினார்கள். இன்னொரு படத்தில், கொலைப்பழி சுமந்த மகளுக்காகக் கிழட்டு அப்புக்காத்து ஒருவர் வாதாடினார். தீர்ப்புச் சொல்லப் போகிறவர்கள் எழுந்து நின்றபோது சிவமலரும் எழுந்துவிட்டாள். மகள் குற்றவாளி இல்லை என்ற தீர்ப்பை அவளேதான் கொடுத்தாள். வங்கியைக் கொள்ளையடித்துவிட்டுத் தாயின் கல்லறைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அண்ணன் தம்பியைக் கூட, நாலு வருடம் உள்ளே வைத்து, நல்லவர்களாக்கி, வெளியே எடுத்துக் கலியாணமும் கட்டி வைத்துவிட்டாள். அவளுடைய தாராளம் அப்படி.

தாராளத்துக்குக் காரணம் இருந்தது. அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களில் ஊரில் யாரையாவது தொலைக்காதவள் இல்லை. ஒருத்திக்குத் தம்பி, ஒருத்திக்குத் தகப்பன். ஆகவே சிவமலரின் படங்களில் தொலைந்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். சோற்றுக்குப் பிறகு ஒரு துண்டு இனிப்புக் கொடுப்பது மாதிரி, வெள்ளிக்கிழமை தோறும் யாரையாவது வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். தான் செய்கிற ஒரேயொரு புண்ணியம் இதுதான் என்று அவள் மனதார நம்பினாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் அவள் பார்த்த படம் வயல் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் நடந்தது. விமானம் ஓட்டுகிற புருஷன் போருக்குப் போகிறான். விமானம் கடலில் விழுகிறது. உடல் கிடைக்கவில்லை. பெண்சாதி வருடக்கணக்காகக் காத்திருக்கிறாள். வயலுக்கு டிராக்டர் திருத்த வருகிற ஒருவன், அதிகம் பேசாத நல்லவன், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான். அந்த நேரம் பார்த்துப் போர் முடிகிறது. சிறைபிடிக்கப்பட்டவர்கள் ரயிலில் திரும்பி வருகிறார்கள் என்று செய்தி. அவள் நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்படுகிறாள். வழமைபோலச் சிவமலரும் புறப்பட்டுவிட்டாள்.

இந்தக் கதையைப் புதனும் வியாழனும் சொன்னபோது மற்றவர்கள் வழமைபோல உச்சுக் கொட்டினார்கள். அல்போன்சம்மா மட்டும் சாப்பிடாமல் இருந்தாள். அவள் குருநகர்க்காரி, முப்பது வயதைத் தாண்டியவள். அவளுடைய புருஷன் ஐந்து வருடத்துக்கு முன் கடலுக்குப் போனவன்தான். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தமையன் ஒருவர் அவளை இங்கே கூப்பிட்டு எடுத்தார். இப்போது லொங்குய்யில் பேக்கரி வேலை செய்கிற மரியநாயகம் அவளைக் கேட்டிருந்தான். கடலுக்குப் போனவன் இறந்ததாகக் கொண்டு மறுமணம் செய்ய ஆயரின் அனுமதியும் வந்துவிட்டது. கோவிலில் கலியாண ஓலை வாசித்து அறிவிப்பதற்கு அவளுடைய ஒரு சொல்தான் பாக்கி.

வியாழன் மத்தியானம் எல்லோரும் மெஷினுக்குத் திரும்பும்போது அல்போன்சம்மா சிவமலரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, அந்தப் பொம்பிளை டிராக்டர்காரனைக் கட்டுறவளோ, இல்லையோ?"

"நாளைக்குச் சொல்லுறன். இப்ப சொன்னால் ருசி போயிடும்."

"எனக்குத் தெரியவேணும், அக்கா. ஞாயிற்றுக்கிழமை மரியநாயகத்துக்கு நான் பதில் சொல்லவேணும். கோவில் சுவாமியாரைக் கேட்டன், உன்ரை மனம் எண்டார். அண்ணையைக் கேட்டன், உன்ரை விருப்பம் எண்டார். என்ரை மனம் என்ன சொல்லுதெண்டு எனக்கே விளங்கேல்லை. அவளும் என்னை மாதிரித்தானே. அவள் என்ன செய்தவளோ, அதை நானும் செய்யப்போறன்."

"உனக்கென்ன விசரே? அது படம்."

"படமெண்டாலும் ஆரோ ஒரு மனிசர் யோசிச்சுத்தானே எடுத்திருப்பினம்."

சிவமலர் கையை விடுவித்துக்கொண்டு மெஷினுக்கு ஓடினாள். அன்று பின்னேரம் ஒரு மேலங்கிக்கு இரண்டு இடது கைகளைப் பொருத்தி மேற்பார்வைக்காரனிடம் ஏச்சு வாங்கினாள். ஏச்சு காதில் ஏறவில்லை. புருஷனை ரயிலிலிருந்து இறக்கிவிட்டால், இந்தப் பெண் கிழவியாகும் மட்டும் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். டிராக்டர்காரனுக்குக் கட்டி வைத்துவிட்டால், நாளைக்குக் கடலுக்குப் போனவன் எங்கேயாவது ஒரு முகாமிலிருந்து வந்து நின்றால்? வராமலும் இல்லை, அப்படி வந்தவர்களும் இருக்கிறார்கள். இதுநாள்வரை விண்கப்பலையே கைவீச்சில் இறக்கியவளுக்கு இப்போது ஒரு ரயிலை நிறுத்தத் தெரியவில்லை. அந்தரப்பட்டாள். நூல் அறுந்தது, ஊசி முறிந்தது, தண்ணீர் குடிக்க மூன்று தரம் எழும்பினாள். நாலாம் தரம் எழும்பியபோது, போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டாள்.

வேலை முடிந்ததும் வாசல் தொலைபேசியிலிருந்து கார்டெரிக்கு எடுத்து, ஆறு மணிக்குப் பிறகும் லக்ஷனை வைத்திருக்கச் சொல்லி, அங்கே பொறுப்பாயிருந்த செலீனிடம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டினாள். "இன்றைக்கு மட்டும்தான், மதாம்" என்று செலீன் கண்டிப்பாகச் சொன்னாள். சிவமலர் நன்றி சொல்லி முடிக்குமுன்பே ஓடத் தொடங்கியிருந்தாள்.

அரை விலை இல்லாத நாளில், பார்த்த படத்தையே மறுபடி பார்ப்பது அவளுக்குக் கொடுமையாக இருந்தது. விமானம் எப்போது விழும், கடிதம் எப்போது வரும், எல்லாம் தெரியும். காலை ஆட்டினாள், கைப்பையைத் திறந்து மூடினாள். அந்தப் பெண் நல்ல சட்டையைப் போட்டபோது சிவமலரின் கால்கள் தாமாகவே எழும்பிவிட்டன. பின்னாலிருந்தவர் ஏதோ சொல்ல, மறுபடி உட்கார்ந்தாள். இனி வருவதெல்லாம் அவள் காணாதது.

ரயில் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆளும் இறங்கிவிட்டான். ரயில் வெறுமையாகப் போனது. யாரோ ஓடி வந்து ஒரு செய்தி சொல்லுவான் என்று சிவமலர் பார்த்தாள். ஒருவனும் ஓடி வரவில்லை. அந்தப் பெண் வீட்டுக்கு நடந்து வந்தாள். வாசற்படியில் டிராக்டர்காரன் உட்கார்ந்திருந்தான். அவளும் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கின.

பெயர்களுக்குப் பிறகாவது ஏதேனும் வரும் என்று அவள் அசையாமல் இருந்தாள். விளக்குகள் எரிந்தன. தும்புத்தடியோடு வந்த ஒருவன் அவளைப் பார்த்து, "செ ஃபினி, மதாம்" என்றான். முடிந்துவிட்டதாம்.

"உதுவோ முடிவு? கட்டினவளோ இல்லையோ எண்டு சொல்லாமல்?" என்று அவள் அவனிடம் தமிழிலேயே கேட்டாள். அவன் சிரித்துவிட்டுக் கூட்டப் போய்விட்டான். சிவமலருக்கு அழுகை வருமளவுக்குக் கோபம் வந்தது. மேலங்கியும் தொப்பியும் போட்டுக் காத்திருந்த லக்ஷனைத் தூக்கிக்கொண்டு வரும் வழியெல்லாம், படம் எடுத்தவர்களைத் திட்டித் தீர்த்தாள். பிள்ளை பிரெஞ்சில் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. ஒரு முடிவைச் சமைத்துக்கொண்டு போகலாம் என்று காலையில்கூட நினைத்துப் பார்த்தாள். அல்போன்சம்மாவின் முகத்தைக் கண்டதும் அது வாயில் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தைக் கண்டது கண்டபடி சொன்னாள். ரயில், வெறும் ரயில், வாசற்படி, இருட்டு, பெயர்கள்.

"பேந்து?" என்றாள் மூத்தவளான திரேசம்மா.

"பேந்து ஒண்டுமில்லை."

"கோதாரி விழுவாங்கள்! உதென்ன படம்? ஆள் வந்தானோ, செத்தானோ எண்டுகூடச் சொல்லாமல்?" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிவமலர் ஏதோ ஒளிக்கிறாள் என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள். அந்தச் சத்தத்துக்குள் அல்போன்சம்மா சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு நடைக்கூடத்தில் இருந்த கழுவுதொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

சிவமலர் பின்னாலேயே ஓடினாள். அல்போன்சம்மா தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றாள். தன்னை நம்பிய ஒருத்தியைக் கைவிட்டுவிட்டோம் என்ற எண்ணம் சிவமலரைப் பிடுங்கித் தின்றது.

"கோவிக்காதை, பிள்ளை. படத்தை விடு. அவன் பேந்து வந்து சேர்ந்தான் எண்டு வைச்சுக்கொள்ளுவம். ஆர் கேக்கப்போயினம்? நான் வடிவாச் சொல்லுறன், அவன் வந்து..."

"ஐயோ, வேண்டாம் அக்கா! வரப்பண்ணிப் போடாதேங்கோ!"

அல்போன்சம்மா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே கதைத்தாள்.

"நீங்கள் சொல்லுற எல்லாப் படத்திலையும் ஆக்கள் வந்திடுவினம். எல்லாரும் சந்தோசப்படுவினம். எனக்கு நெஞ்சு இடிக்கும். நேற்று முழுக்கச் செபமாலை சொன்னனான். என்னத்துக்குத் தெரியுமோ? அந்த ரெயினிலை அவன் வரக்கூடாது எண்டு. படத்திலை உள்ளவனை எண்டுதான் தொடங்கினன். பேந்து ஆரைச் சொல்லுறன் எண்டு எனக்கே தெரிஞ்சிட்டுது. அவர் நல்ல மனிசன், அக்கா. ஒருநாளும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஒரு நல்ல மனிசன் திரும்பி வரக்கூடாதெண்டு என்ரை வாயாலை மாதாவிட்டைக் கேட்டிட்டன்."

சிவமலருக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள். இனிப்பென்று நினைத்து அவள் கொடுத்ததை, எதிரே இருந்த ஒருத்தி பயந்து பயந்து விழுங்கியிருக்கிறாள். மூன்று வருடமாக ஒருநாளாவது அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை என்பதுதான் பதில்.

"அவன் வரேல்லை, பிள்ளை" என்றாள். "கடைசி ஆள் இறங்குமட்டும் அவள் நிண்டு பாத்தவள். அவளிலை ஒரு பிழையும் இல்லை. நான் கண்ணாலை கண்டனான்."

அல்போன்சம்மா முகத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவினாள். பிறகு, "அவள் படியிலை இருந்தவள் எண்டியள். அவனுக்குப் பக்கத்திலையோ?" என்று கேட்டாள்.

பக்கத்தில்தான் என்று சொல்லச் சிவமலரின் நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"இல்லை. ரெண்டு படி மேலை."

வேலைக்குத் திரும்பச் சொல்லி மணி அடித்தது.

"ரெண்டு படிதானே, அக்கா" என்று சொல்லிவிட்டு, அல்போன்சம்மா சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவத் தொடங்கினாள்.