ராணி அக்கா சொன்ன “இல்லை”

ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கையில் ராணி அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். “அவ எங்களை விட்டிட்டுப் போட்டா, தங்கச்சி.” சாகிற வயதா? அக்காவுக்கு ஐம்பத்திரண்டுதான். அந்த நிமிடமே யார்மீதோ எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது என் பிறவிக் குணம்.

நானும் அவரும் ஒன்பது வருடம் ஒரே சலவைத் தொழிற்சாலையில் படுக்கை விரிப்புகளை மடித்தோம். அவர் கைகளிலும் கால்களிலும் சொரியாசிஸ் செதில் செதிலாக உரியும். ஊரிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த கிறீமைப் பூசியதும் தோல் பளபளத்தது. “கைகண்ட சாமான்!” என்று எல்லோருக்கும் கையை நீட்டிக் காட்டினார். பிறகு யார் ஊருக்குப் போனாலும் பத்து ட்யூப் சொல்லிவிடுவார். காலையும் மாலையும் உடம்பு முழுக்கப் பூசுவார்.

நாளாக ஆக முகம் உருண்டது, வயிறு வைத்தது, தொட்ட இடமெல்லாம் கன்றியது. கள்ளத் தீனிதான் என்று நினைத்து, கேட்டும்விட்டேன். “நீ பொலிஸில சேர்ந்திருக்க வேணுமடி,” என்று சிரித்தார்.

போன மாதம் கிறீம் தீர்ந்தது. கொண்டுவர ஆளில்லை. சில நாட்களில் எழும்ப முடியாத களைப்பு, வாந்தி. டொக்டரிடம் மொழிபெயர்க்க நான்தான் போனேன். என்ன மருந்து பாவிக்கிறார் என்று டொக்டர் கேட்டார். நான் அக்காவிடம் திரும்பி, “குளிசை, மாத்திரை ஏதும் போடுறீங்களோ?” என்றேன்.

“இல்லை.”

அதை அப்படியே டொக்டரிடம் சொன்னேன். வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் அக்கா மயங்கி விழுந்தார்.

மருத்துவமனையில், அவர் கணவர் கொண்டுவந்த வெறும் ட்யூபைப் பார்த்த பிறகுதான் விளங்கப்படுத்தினார்கள். அது கடுமையான ஸ்டீரொய்ட். தோல் வழியே இரத்தத்தில் ஊறி, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியை வேலை செய்யாமல் ஆக்கிவிடுமாம். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கிறீம் கொடுத்தவரைச் சந்தேகித்தேன், விற்ற கடையைச் சந்தேகித்தேன், டொக்டரையும் விடவில்லை. சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றேன். கிறீமை எங்களில் யார் மருந்தென்று நினைக்கிறோம்? பவுடர் மாதிரி அதுவும் ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

இறுதிச் சடங்கில் அவர் கணவர் என் கையைப் பிடித்து, “நீர் இல்லாட்டி அவ டொக்டரிட்ட ஒரு சொல்லும் கதைச்சிருக்கமாட்டா,” என்று அழுதார். அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அண்ணை, அன்று சொல்லாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பெட்டிக்குள் அக்காவின் கைகளில் ஒரு செதிலும் இல்லை. தொட்டுச் சொன்னேன்: “அக்கா, நீங்கள் உண்மைதான் சொன்னனீங்கள். நான்தான் பிழையாக் கேட்டனான். போயிட்டு வாங்கோ.”