எலிசியோவின் சர்க்கரைத் தண்ணீர்

எங்கள் மலைச்சரிவில் எலிசியோவிடம் திட்டு வாங்காதவர் யாரும் இல்லை. எல்லோரையும்விட அதிகம் வாங்கியவள் நான். கடையில் விற்கிற சிவப்புப் பொடியைக் கலக்கி, பூந்தேன் குடிக்கிற ரீங்காரச்சிட்டுகளுக்கென்று கொல்லையில் ஒரு குப்பியைத் தொங்கவிட்டிருந்தேன். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பார்த்தவர், கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து அதைக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே தெருவில் போய்க்கொண்டிருந்தபோது சாக்கடையில் கவிழ்த்தார்.

"ஏன் கோமாத்ரே, இந்தச் சாயத்த உங்க பேத்திக்குக் குடுப்பீங்களா?"

"பேத்திக்கு ரொட்டியும் பீன்ஸும் குடுப்பேன். குருவிக்கு என்ன குடுக்கணும்னு உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா, கொம்பாத்ரே?"

"வாங்கினா நல்லது. நாலு பங்கு தண்ணி, ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை. தேனும் வேணாம், சாயமும் வேணாம். கழுவ முடியலன்னா தொங்கவிடவே விடாதீங்க."

அவர் மகள் கிராசியேலாவுக்கு நான் ஞானத்தாய். கோமாத்ரே, கொம்பாத்ரே எல்லாம் அந்த உறவில் வந்த மரியாதை. அது மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கே குப்பியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

எலிசியோ இந்த ஊர்ச் செம்புச் சுரங்கத்தில், அது மூடும்வரை, பாறை துளைத்தவர். துளைக்கிற இயந்திரத்தின் அதிர்வு அவர் விரல்களைக் கொன்றுவிட்டது. குளிர் வந்தால் நுனிகள் வெளுத்துவிடும். ரொட்டிக்கல்லில் கை பட்டாலும், தோல் கருகும் வாசனை வந்தபிறகுதான் எடுப்பார். மனைவி அம்பாரோ போய்ச் சேர்ந்தபின் அவர் பேச்சு குறைந்தது. திட்டு குறையவில்லை.

வீட்டின் மூன்று பக்கமும் மூன்று குப்பிகள், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி மாட்டியிருந்தார். முரட்டு ஆண் சிட்டு ஒன்று வந்தால் எல்லாவற்றையும் விரட்டிவிட்டுக் குப்பியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். அதனால் ஒன்றைத்தானே காவல் காக்க முடியும், மற்றதுகள் அடுத்த பக்கம் போய்க் குடித்துப் பிழைக்கட்டும் என்பார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கியது அம்பாரோ வாங்கிய நீலக் கண்ணாடிக் குப்பி. கழுத்து ஒடுங்கிய, அழகான சாமான். வெயில் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றையும் இறக்கி, வெந்நீர் ஊற்றித் தேய்ப்பார்.

பிறகு அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து வந்த கிராசியேலா கறாராகச் சொன்னாள்.

"அப்பா, உங்க வேலைய நீங்களே பாத்துக்கிற வரைக்கும் இங்க இருங்க. முடியலன்னு தெரிஞ்ச அன்னைக்கு வண்டியில ஏத்திருவேன்."

"இத்தன குருவிக்குச் சோறு போடுறவன் தனக்குப் போட்டுக்க மாட்டானா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் எனக்கு உண்மையச் சொல்லணும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஜூலை மாதம், மேகம் திரண்டு மழை வராத ஒரு பகல். அவர் கொல்லைக் கம்பியில் ஒரு சிட்டு உட்கார்ந்திருந்தது. நான் கிட்டே போயும் பறக்கவில்லை. அலகு மூடாமல், நாக்கு வீங்கி வெளியே தொங்கியது. நீலக் குப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தூரிகை எட்டாத கழுத்து வளைவில் பூசணம் பிடித்திருந்தது.

சாக்கடையில் கவிழ்த்ததற்குப் பழிவாங்க இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்காது. ஆனால் வாய் வரவில்லை. சொன்னால் இந்த மனிதருக்கு வீடு போகும். சொல்லாவிட்டால் சிட்டுகள் சாகும். இந்த நிலையில் என்னை நிறுத்திவிட்டாரே என்று அவர்மேல்தான் கோபம் வந்தது. உள்ளே போய்க் குப்பியை மேஜையில் வைத்தேன்.

"கொம்பாத்ரே, இது அழுக்கா இருக்கு."

"நேத்துதானே கழுவினேன்?"

"கழுவினீங்க. போகல."

அவர் தடவித் தடவி ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்தார். குப்பியின் கழுத்துக்குள் விட்டுச் சுழற்றி என்னிடம் நீட்டினார்.

"என்ன நிறம்?"

வெள்ளை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது.

"கறுப்பு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கறுப்புதான். வெளிய ஒண்ணு நாக்கு வீங்கி உக்காந்திருக்கு."

அவர் முகம் விழுந்துவிட்டது. "எம் புள்ளைக்குச் சொல்லிருங்க" என்றார். பிறகு எழுந்து போய் மற்ற இரண்டையும் தானே இறக்கினார். அந்தச் சிட்டு மறுநாள் கம்பிக்குக் கீழே செத்துக் கிடந்தது. அதையும் அவரிடம் மறைக்கவில்லை. கிராசியேலாவுக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

குப்பி தொங்கிய இடங்களுக்குச் சிட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றுமில்லாத காற்றில் இறக்கையடித்து நிற்கும், போகும், திரும்ப வரும். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, கோமாத்ரே."

கடைப்பெண் பூப்போட்ட கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொடுத்தாள். "அழகு கெடக்கட்டும்மா. முழுசாத் திறக்குமா?" என்றார். கடைசியில், சிட்டு குடிக்க மூடியில் துளைகள் போட்ட ஒரு சப்பைத் தட்டு அகப்பட்டது. மூடியைத் தூக்கினால் உள்ளே இண்டு இடுக்கே இல்லை. ஒன்றுதான் வாங்கினார். மூன்று வேண்டாமா என்று கேட்டேன்.

"என்னால கழுவ முடிஞ்சது ஒண்ணு."

அடுத்த நாள் கிராசியேலா வந்துவிட்டாள், காலிப் பெட்டிகளோடு. அப்போது அவர் சமையலறைத் தொட்டியில் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

"விரல்ல உணர்ச்சி இல்ல, கண்ணும் தெரியல. சுத்தமாயிருச்சுன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அவர் தட்டை நன்றாக அலசினார். முகத்துக்குத் தூக்கி, நாக்கை நீட்டி, விளிம்பு முழுக்க மெதுவாக ஒரு சுற்று தடவினார். மூடியைத் திருப்பி, ஒவ்வொரு துளையின் அடியிலும் நாக்கை வைத்தார். ஒரு துளையில் நின்றார். அதை மட்டும் மறுபடி தேய்த்து, மறுபடி நாக்கை வைத்தார்.

"சீ, என்னப்பா இது!"

"வழவழப்பு இருந்தா நாக்குக்குத் தெரியும். குருவி நாக்கு வெக்கிற இடம்தானே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சண்டை போட்ட மனிதருக்காக அழுவது வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன். அவர் தட்டைத் திரும்பவும் வெந்நீரில் அலசி, எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் பொதுவாக நீட்டினார். கிராசியேலா பெட்டிகளைத் தாண்டி வந்து வாங்கிக்கொண்டாள். ஆறவைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, மூடியை அழுத்தி, வெளியே கொண்டுபோய் ஜன்னல் கொக்கியில் மாட்டினாள். அவள் கை விலகுவதற்குள் முதல் சிட்டு வந்துவிட்டது.

"கோணலா மாட்டிருக்கியா? வழியும்டி, பாத்து!" என்று எலிசியோ உள்ளேயிருந்து கத்தினார்.

கோணலாகத்தான் மாட்டியிருந்தாள்.