ஃபீடை மூட மறுத்த வெர்னா

வெர்னா ஹவுதாலா அமெரிக்காவின் டுலூத் நகரில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் தான் குடியிருந்த கட்டடத்தின் வாடகைக்காரர் சங்க இணையதளத்தைக் கையில் எடுத்தாள். அதில் ஒரு ஃபீடும் வைத்தாள். இவள் ஒரு செய்தி போட்டால், சேர்ந்திருக்கும் இருநூறு பேருடைய போனிலும் அது தானாகப் போய் விழும். எதைக் காட்டலாம், எதை அமுக்கலாம் என்று முடிவு செய்ய நடுவில் எந்தக் கம்பெனியும் கிடையாது. ஃபீடு என்பது வெறும் ஒரு கணினிக் கோப்புதான்; அதை அவளே வரிவரியாகத் தட்டினாள். பழைய செய்திகளை வெட்ட மனசு வராமல் நூற்று நாற்பதையும் அதிலேயே வைத்திருந்தாள்.

சங்கத் தலைவர் கர்ட் லிண்ட்கிரென் ஃபீடை மூடிவிட்டு சமூக வலைத்தளப் பக்கத்துக்குப் போகலாம் என்றார். ஊரே அங்கேதான் இருக்கிறது என்பது அவர் கட்சி. செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு.

ஓட்டுக்கு முன் கோப்பை ஒழுங்கு பண்ணலாம் என்று உட்கார்ந்தவள் பெரிய தப்பு செய்தாள். ஒவ்வொரு செய்திக்கும் மாறவே கூடாத ஓர் அடையாளம் உண்டு. அதைப் பார்த்துத்தான் இது பழசு, இது புதுசு என்று போனில் ஃபீடைக் காட்டும் செயலிகள் பிரிக்கும். அதில் பழைய தள முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றிவிட்டாள். ஞாயிறு காலை இருநூறு போன்களிலும் நூற்று நாற்பது பழைய செய்திகள் புதுசாக வந்து கொட்டின.

திட்டு வாங்கினாள். மழுப்பவில்லை. தப்பு என்னுடையது, திருப்பி மாற்றினால் இன்னொரு தடவை கொட்டும், அதனால் இப்படியே விடுகிறேன் என்று நூற்று நாற்பத்தொன்றாவது செய்தி போட்டாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கர்ட் முதல் ஆளாக எழுந்தார். கட்டடச் சொந்தக்காரரின் ஆபீஸ் மேலாளரும் ஃபீடில் சேர்ந்து வேவு பார்த்துக்கொண்டிருந்தாராம். பழைய செய்திகளை உடனே எடுக்கச் சொல்லிப் போன் பண்ணினாராம். இந்தச் சங்கடம் நமக்கு எதற்கு என்றார்.

மூன்றாம் மாடி மார்லிஸ் பின்வரிசையிலிருந்து கேட்டாள்: "எதை எடுக்கச் சொன்னான், கர்ட்?"

"அந்த பாய்லர் சமாச்சாரத்தை."

மார்லிஸ் போனில் பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வீடுகளைச் சூடாக்கும் பாய்லர் அடுத்த மாசம் புதுசாக வரும் என்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் கொடுத்த வாக்கை வெர்னா ஏழு வருஷமாக ஒன்றுவிடாமல் போட்டிருந்தாள். தேதிகளை வரிசையாக வாசித்துவிட்டு மார்லிஸ் நிமிர்ந்தாள்.

"ஏழு வருஷமா குளிர்ல கோட்டைப் போட்டுக்கிட்டுத் தூங்குறோம். அவன் எடுக்கச் சொன்னா நாம ஏம்ப்பா எடுக்கணும்?"

கர்ட் இறங்கி வந்தார். "சரி, ஃபீடு இருக்கட்டும். கடைசி பத்து செய்தி மட்டும் வச்சுக்குவோம், வெர்னா. எல்லாரும் அப்படித்தானே வைக்கிறாங்க."

"அவங்க வச்சுக்கட்டும். நான் ஒத்த வரியைக்கூட வெட்ட மாட்டேன். வெட்டணும்னா வேற ஆளப் பாருங்க. வெட்டின ஆள் பேரையும் என் ஃபீட்லயே போடுவேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் கைகள் எழுந்தன. எதையும் வெட்ட வேண்டாம் என்று இருபத்து மூன்று, வெட்டலாம் என்று ஒன்பது. ஃபீடு முழுசாகத் தப்பியது.

மறுநாள் காலை, பாய்லர் வாக்குத் தேதிகள் ஏழையும் சேர்த்து ஒரே செய்தியாக்கி, புது அடையாளம் கொடுத்து, இரண்டு தடவை சரிபார்த்து வெர்னா அனுப்பினாள். மேலாளரின் போனுக்கும் அது போய்ச் சேர்ந்தது.