வாதம், பித்தம், கபம், பழனாத்தாள்

போன மாதம் என் மருமகள் என்னை அவிநாசி சாலையில் புதிதாக வந்திருக்கும் ஓர் ஆயுர்வேத நிலையத்தில் கொண்டுபோய் விட்டாள். முழங்கால் வலி என்று நான் நாலு நாள் முனகியதற்கு அவள் கண்டுபிடித்த வழி அது. வாசலில் பெரிய உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்க விட்டிருந்தார்கள். உள்ளே எங்கிருந்தோ புல்லாங்குழல். ஒரு சின்னப் பெண் என்னை மரக்கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, இளஞ்சூடான எண்ணெயைத் தோளில் ஊற்றினாள். நான் துள்ளி எழுந்துவிட்டேன். சூடு தாங்காமல் அல்ல. கட்டிலில் விரித்திருந்த துணி வெள்ளை.

"ஐயோ, ஸ்டெயின் ஆயிருங் கண்ணு!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் சிரித்தாள். துவைத்தால் போய்விடும், நீங்கள் பேசாமல் படுங்கள் என்றாள். பனியன் கம்பெனி செக்கிங்கில் இருபது வருடம் குப்பை கொட்டியவளிடம் சொல்கிற பேச்சா அது? எண்ணெய்க் கறை எங்கே போகும்?

ஆனாலும் படுத்தேன். மூக்கருகே எண்ணெய் வாசனை. கண்ணை மூடினால் நல்லூர் வந்துவிட்டது. குடியிருக்கும் வீடுகளுக்கு நடுவில், கீழே நிட்டிங் மிஷின்கள், மாடியில் தையலும் செக்கிங்குமாக இருந்தது எங்கள் கம்பெனி. பெரும்பாலும் வெள்ளைச் சரக்குதான். வெள்ளிக்கிழமையானால் பெண்கள் எல்லோரும் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டு, சீயக்காய் மணக்க, ஈர முடியின் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதோரத்தில் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். மதியம் வியர்த்தால் அதைக் கையால் வழித்து, அதே கையால் பனியனைத் தொடுவோம். ஒரு தடவை ஒரு லாட் சரக்கு முழுக்க விரல் தடத்தோடு திரும்பி வந்தது. அன்றோடு, வேலை நாளில் எண்ணெய் கூடாது என்று மேனேஜர் சட்டம் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் மாடிப்படி முனையில் நின்று, ஒவ்வொரு தலையையும் முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதித்து உள்ளே விடுவது செக்கிங் சூப்பர்வைசரின் வேலை. அந்தப் புண்ணியவதி நான்தான்.

எண்ணெய் நின்றதும் எங்கள் எல்லோருக்கும் சூடு ஏறிவிட்டது. அப்படித்தான் நம்பினோம். பக்கத்திலேயே அயர்ன் மேஜைகள் வேறு நாள் முழுக்க நீராவியைக் கக்கிக்கொண்டிருக்கும். கண் எரிந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு. அதற்கு மருந்து சொல்லும் டாக்டரும் நானேதான். நான் படித்த மருத்துவக் கல்லூரி எது என்கிறீர்கள்? சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர். தாளின் முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் ஆரோக்கியக் குறிப்பு. வாதம் என்பது காற்று, பித்தம் என்பது நெருப்பு, கபம் என்பது நீர். மூன்றும் அளவோடு இருந்தால் உடம்பு நன்றாக இருக்கும், ஒன்று மிஞ்சினால் நோய். நாலே வரிதான் இருக்கும். சரி, நாளைக்கு மீதியைச் சொல்வான் என்று மறுநாள் தாளைத் திருப்பினால் வாழைப்பூ வடை செய்முறை இருக்கும். மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன்.

கிழித்த தாள்களைப் பனியன் போடும் பாலிபேக்கில் சேர்த்து வைத்திருந்தேன். டிபன் பையில் சுக்குத்தூள், ஓமம், ஒரு குட்டி பாட்டிலில் விளக்கெண்ணெய். ஆமாம், மற்றவர் தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று தேடுகிறவளின் பையில் எண்ணெய். லைனில் எனக்கு 'டாக்டரக்கா' என்று பெயர். கேலிதான். எனக்கு அது கேலியாகப் படவில்லை.

என்னை முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டவள் பழனாத்தாள். என் மேஜைக்கு நேர் எதிரே அவளுக்கு இடம். குன்னத்தூருக்கு அக்கட்டால் இருக்கும் ஒரு ஊரிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். என்னைவிட ஆறேழு வயது இளையவள். வாய் ஓயாது, கையும் ஓயாது. அவள் கொண்டுவரும் எள்ளுச் சட்னிக்காகவே நான் பாதி நாள் வெறும் இட்லியோடு வேலைக்குப் போயிருக்கிறேன். எனக்கு உடன்பிறந்தவள் கிடையாது. அவள் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

கழிப்பறைக்குப் போக எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டிங்கில் மிஞ்சிய அட்டையில் லைன் நம்பரை எழுதி, நூல் கோத்து, என் மேஜைக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டியிருக்கும். முப்பது பெண்களுக்கு ஒரே அட்டை. போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். ஷிப்மெண்ட் நாளில் மேனேஜர் கண்ணைக் காட்டினால், நான் அட்டையைக் கழற்றி டிராயருக்குள் போட்டுவிடுவேன். "இந்தப் பெட்டி முடியட்டுங் கண்ணு" என்பேன். பெட்டி எங்கே முடிந்தது? ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டேயிருக்கும்.

பழனாத்தாள் மட்டும் அந்த அட்டைக்கு ஒரு நாளும் கை நீட்டியதில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் போவதோடு சரி.

"ஏனம்மிணி, ஒட்டகத்துக்குப் பொறந்தவளா நீயி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தண்ணி குடிச்சாத்தானுங்க்கா போகோணும். ஊட்ல காப்பி குடிக்கறதோட செரி. பொறவு மத்தியானந்தான்."

"ஏன், உனக்கு அட்டை தரமாட்டேன்னா சொன்னேன்?"

"அதில்லீங்க்கா. நானே எடுத்துட்டு எடுத்துட்டுப் போனா, அக்காளுக்கு வேண்டியவ, அதான் கேப்பார் இல்லேன்னு உங்களையல்லோ பேசுவாங்க?"

எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்கு ஒரு எலந்தவடை வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் வந்தது நீர்க்கடுப்பு. சூடு என்றேன். விளக்கெண்ணெயைத் தொப்புளிலும் கால் பெருவிரல் நகத்திலும் நானே தொட்டு வைத்தேன். அடங்கியது. மறுபடி வந்தது. மறுபடி வைத்தேன். காலண்டர் தாளில் எண்ணெய்க்கு அடுத்த வரியில் பார்லிக் கஞ்சியும் நிறையத் தண்ணீரும் குடிக்கச் சொல்லியிருந்தது. அதைக் குடித்தால் அட்டை வேண்டும். எண்ணெய்க்கு அட்டை வேண்டியதில்லை. அந்த வரியை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெல்ல மெல்ல நிரம்பும். நாள் முழுக்க நிற்கிறாள், வாத நீர் இறங்கிவிட்டது என்றேன். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் கால் வைத்தாள். அப்புறம் காலையில் வேனில் வரும்போதே குமட்டல். பித்தம் என்றேன். இஞ்சிச் சாறும் தேனும் குடித்தாள். அதற்கப்புறம் முகம் உப்பி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இது கபம். சுக்கும் துளசியும். கசப்போ காரமோ, நான் கொடுத்த எதையும் அவள் வேண்டாம் என்றதில்லை.

"மூணையும் பாத்தாச்சம்மிணி. இனி ஒடம்பு செம்மையாயிரும்" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுன்னு அவிய சொல்றாங்க்கா." அவிய என்றால் அவள் வீட்டுக்காரர், தங்கராசு.

"இதுக்குப் போயி லீவு போடுவாங்களா? இந்த ஷிப்மெண்ட் போகட்டும்."

செக்கிங்கில் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டுவோம். ஊசி முனை அளவு ஓட்டையாக இருந்தாலும், ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. மூன்றடி தள்ளி எதிரே நின்றிருந்தவளின் முகம் மாதக்கணக்கில் வீங்கிக்கொண்டு வந்தது. பூசினாற்போல் அழகாக இருக்கிறாய் என்று சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நான் தலை சோதிக்க நிற்கும் அதே படி முனையில் வந்து, "அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு விழுந்தாள்.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, ஆரம்பித்து நெடுநாள் ஆகியிருக்கும் என்று. கால் வீக்கமா, அது அதனால்தான். குமட்டலா, அதுவும். மூச்சுத் திணறலா, அதுவும். நான் மூன்று பெயர் வைத்துத் தனித்தனியாக மருந்து கொடுத்ததெல்லாம் ஒரே நோய். "தண்ணி குடிக்காததால மட்டும்னு சொல்ல முடியாதும்மா, பிரஷரும் இருந்திருக்கு" என்றார் டாக்டர். அந்த 'மட்டும்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் கொஞ்ச நாள் தூங்கினேன். அப்புறம் அதுவும் உதவவில்லை.

நான் நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்த வைத்தியர் யாராவது அவள் கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் முதல் மாதமே ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருப்பார். நான் படித்தது நாலு வரி. அதிலும் ஒரு வரியை மறைத்தேன்.

வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ் என்று இரண்டரை வருடம் ஓடியது. சிறுநீர் நின்றுவிட்டால் உடம்பில் தண்ணீர் சேரக்கூடாதாம். ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதற்குள்தான் காப்பி, மாத்திரைக்குத் தண்ணீர் எல்லாம். தங்கராசு காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி, மதியம்வரை இவ்வளவு, சாயந்திரம்வரை இவ்வளவு என்று பேனாவால் கோடு போட்டு வைத்துவிடுவார். ஒரு பங்குனியில் அவள் போய்விட்டாள். காரியத்தன்று தங்கராசு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கொ ஒருத்தருதானுங்க அவளெ நெம்பப் பாத்துக்கிட்டீங்க. கம்பெனில அத்தனெ வேலைக்கு நடுவுல மருந்தெல்லாங் குடுத்தீங்களாமா" என்றார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

எண்ணெயெல்லாம் துடைத்து முடிந்ததும் நிலையத்து டாக்டர் கூப்பிட்டார். என் பேத்தி வயதுதான் இருக்கும். கையில் ஒரு படிவம். தூக்கம் எப்படி, பசி எப்படி, கோபம் வருமா. நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கிறீர்கள்? நான் கணக்குப் பார்ப்பதற்குள் அவரே ஒன்றரை என்று எழுதிக்கொண்டார். "உங்களுக்கு வாதம் ஜாஸ்திங்கம்மா. பஞ்சபூதத்தையும் பேலன்ஸ் பண்ணணும்னா மொதல்ல தண்ணி நெறையக் குடிக்கணும்" என்று சொல்லி, ஒரு செம்பு டம்ளர் நிறையச் சீரகத் தண்ணீர் கொடுத்தார். முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழ வேண்டுமாம். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

நல்லூர்க் கம்பெனி இப்போது இல்லை. மேலே தடுப்பு வைத்து அறை அறையாக்கி வடக்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். என் மேஜை இருந்த இடத்தில் யாருடைய லுங்கியோ காய்கிறது. அந்த ஆணி இருக்கிறதா என்று தெருவில் நின்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. குன்னத்தூர் வேன் நின்று பல வருடமாகிறது. வெள்ளிக்கிழமை சீயக்காய் வாசனையும் இல்லை, எல்லோரும் ஷாம்பு போட்டுக்கொண்டு போகிறார்கள். என் மருமகள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒவ்வொரு மேஜையிலும் தண்ணீர் பாட்டில் உண்டாம், குடிக்கச் சொல்லிச் சுவரில் படமும் ஒட்டியிருக்கிறார்களாம். நல்லதுதான். காலண்டர் தாள்களை நான்தான் அடுப்பில் போட்டேன். அதனால் யாருக்கு என்ன வந்தது?

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது. நல்ல வெயில். தங்கராசு மருந்துக் கடைக்குப் போயிருந்தார். பழனாத்தாளின் உதடு வெடித்திருந்தது. சாயந்திரம்வரைக்கான பங்கு தீர்ந்து, பாட்டிலில் தண்ணீர் சாயந்திரக் கோட்டுக்குச் சரியாக நின்றது.

"அக்கா, ஒரே ஒரு முழுங்கு குடுங்க்கா. அவிய வர்றதுக்குள்ள."

அத்தனை வருடத்தில் தனக்கு வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"டாக்டரு வைவாரு அம்மிணி. சாயங்காலம் ஆகட்டும்" என்று சொல்லி, பாட்டிலை எடுத்து அவள் கைக்கு எட்டாத அலமாரி மேல்தட்டில் வைத்தேன்.

அவள் அந்தத் தட்டை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அட்டையெ டிராயர்ல போட்டாப்லயே போட்டுட்டீங்க்கா."

நானும் சிரித்தேன். பாட்டிலை எடுத்துக் கொடுக்கவில்லை. புதன்கிழமை அவள் போய்விட்டாள்.