துரைக்கு நான் சொன்ன ‘பெர்ஹாப்ஸ்’

பினாங்கில் நான் படித்த ஆங்கிலப் பள்ளியில் சந்தேகத்தைக்கூட அளந்துதான் பேச வேண்டும். ‘சர்ட்டன்லி’ என்றால் நடந்தே தீரும். ‘பிராபப்ளி’ என்றால் அநேகமாக நடக்கும். ‘பெர்ஹாப்ஸ்’ என்றால் நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட இந்தப் பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். பன்னிரண்டு வயதுக்கு அந்தக் கர்வம் போதாதா!

அந்த வருடம், பெரிய வகுப்பில் இரண்டு வருடம் பள்ளிச் சம்பளம் கட்டாமல் படிக்க ஒரே ஒரு இடம் இருந்தது. எனக்கும் இன்னொரு பையனுக்கும் சம மதிப்பெண். சிறு வியாபாரிகளான எங்கள் ஆட்கள் பிள்ளையைப் பாதியில் நிறுத்திக் கடையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியரான வெள்ளைக்காரத் துரைக்குத் தெரியும். அதனால் என் தகப்பனாரை, அத்தாவை, வரச்சொன்னார்.

சூலியா தெருவில் சோற்றுக்கடை வைத்திருந்த அத்தா, மத்தியான வியாபாரத்தை விட்டுவிட்டு, சலவைச் சட்டையும் தொப்பியுமாக வந்து நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, துரைக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்.

இரண்டு வருடமும் நிறுத்தாமல் படிக்கவைப்பாரா என்று துரை கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அத்தா நெஞ்சில் கைவைத்தார். “இன்ஷா அல்லாஹ், படிக்க வைப்பேன்னு சொல்லு தம்பி.”

இறைவன் நாடினால் என்ற அந்தப் பேச்சு எனக்கு வீட்டில் நன்றாகப் பழக்கம். பயாஸ்கோப்புக்குப் போகலாமா என்றால் இன்ஷா அல்லாஹ். சைக்கிள் வேண்டும் என்றாலும் இன்ஷா அல்லாஹ். பயாஸ்கோப்பும் பார்க்கவில்லை, சைக்கிளும் வரவில்லை. இப்போது ‘சர்ட்டன்லி’ என்று சொல்லி, அது நாளைக்குப் பொய்யாகிப்போனால் துரையின் பிரம்பு யார் முதுகில் விழும்?

“பெர்ஹாப்ஸ், சார்” என்றேன்.

துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை கேட்கச் சொன்னார். அத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இன்ஷா அல்லாஹ்ன்னு சொல்லிட்டேன்லா. அதுக்கு மேல என்ன வேணுமாம்?”

மறுபடியும் பெர்ஹாப்ஸ்தான்.

அத்தா துரைக்குச் சலாம் வைத்துவிட்டு, காரியம் முடிந்த சந்தோஷத்தில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. இடம் அந்தப் பையனுக்கு. நானேதான் அதைப் படித்துச் சொன்னேன். அத்தா, “நான் சொன்னத அப்படியே சொன்னியா?” என்று மட்டும் கேட்டார்.

“சொன்னேன்” என்றேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இனிக் கடைதான் என்று புத்தகங்களைக் கட்டி வைத்தேன். ஆனால் பள்ளி திறந்த அன்று அத்தா என்னைக் கையோடு அழைத்துப்போய், முழுச் சம்பளம் கட்டிப் பெரிய வகுப்பில் சேர்த்தார். அடுத்த வருடமும் கட்டினார். அதற்காக விடியற்காலையில் தோளில் தடி வைத்து, அதன் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுச் சுமந்து, துறைமுகத்துக் கூலியாட்களுக்கு விற்றுவிட்டு வந்துதான் கடையைத் திறந்தார்.

“எடந்தான் கெடைக்கலையே, எதுக்குங்க இந்தப் பாடு?” என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

“வாக்குக் குடுத்தாச்சுலா” என்றார் அத்தா.

துரைதான் என்னைக் கழித்துவிட்டாரே, அவருக்குக் கொடுத்த வாக்கை இனி எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அல்லாஹ்வின் பேரைச் சொல்லி அத்தா தந்த அந்த வாக்கு துரைக்குக் கொடுத்ததே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.