காருக்குக் கொடுத்த தண்ணீர்

1986 மார்ச் 9, ஞாயிறு. காபி குடித்து, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, காருக்குக் கூலன்ட் மாற்ற உட்கார்ந்தேன். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்ததும் பழைய தண்ணீர் துரு வாசனையோடு பக்கெட்டில் இறங்கியது.

அந்த வாசனையை முதலில் அறிந்தது திருத்தணியில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கோடையில். எங்கள் குடிசை எதிரே மிராசுதாரின் கார் ஆவி கக்கி நின்றுவிட்டது. எங்கள் குடம் பட்டால் தீட்டு என்று தம் கிணற்றருகே எங்களை விடாதவர் அவர். ஏரி ஊற்றில் சுரண்டி எடுத்த தண்ணீரோடு அம்மா அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள்.

“ஏய், கொடத்தை இப்பிடி எடுத்தா! அரக்கோணத்துல ரயிலப் புடிக்கணும், கோர்ட்டுல கேசு இருக்குது.”

அம்மா இடுப்புக் குடத்தை இறக்கவில்லை. “எங்க தண்ணி காருக்கு ஆவுமா ஆண்டே?”

“காருக்கு என்னாடி தீட்டு?”

“அப்போ உங்களுக்கும் ஆவும். ஒரு வாய் குடிச்சிட்டு ஊத்திக்கினு போங்க.”

“திமிரா? நாளையிலேர்ந்து கழனிக்கு வராத!”

“வரல ஆண்டே. ரயிலுக்கு நேரமாவுது.”

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையேந்தி ஒரு மடக்கு விழுங்கினார். மீதியை டிரைவர் ரேடியேட்டரில் ஊற்றினார்.

“வேலை போச்சே, சோத்துக்கு இன்னா பண்றது?” என்றார் என் நைனா. அம்மா குடத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

கூலன்ட்டை நிரப்பி மூடியைத் திருகும்போது, அதற்கு மறுநாள் காலைதான் என் கண்முன் நின்றது. பொழுது விடிந்ததும் முதல் வேலையாக அம்மா மிராசுதாரின் கிணற்றுக்குப் போனாள். தடுக்க வந்த காவல்காரனிடம், “உங்க ஆண்டையே குடிச்ச கொடம், நவுரு” என்று சொல்லிக் கிணற்றில் குடத்தை இறக்கினாள்.