ஆறு நாற்பதுக்கு முடிந்த பந்தயம்

நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரிந்தேதான் ஆரம்பிக்கிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். இந்த மலையில் ஈரம் ஜாஸ்தி, பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும், உடனே யாராவது ஒருத்தர் வந்து, மெஷினுக்குள் என்னமோ இருக்கிறது, மந்திரித்துக் கட்ட வேண்டும் என்பார். முதலில் எர்த் கம்பியைக் கட்டுங்கள், மந்திரத்தைப் பிறகு கட்டலாம் என்று அனுப்பிவிடுவேன். பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது, எல்லாம் லூஸ் கனெக்‌ஷன் என்று ஊருக்கே உபதேசம் செய்த வாய் இது.

கொஞ்ச வருஷமாக என் பிழைப்பு பழைய கம்ப்யூட்டர்களில்தான் ஓடுகிறது. சின்ன வயதில் விளையாடிய விளையாட்டை அதே மாதிரி மெஷினில், அதே குண்டு மானிட்டரில் விளையாட வேண்டும் என்று கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கேட்கிறார்கள், நான் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான், இருப்பதிலேயே வேகமானதைப் போடுங்கள் என்பார்கள். அந்தக் காலத்து விளையாட்டுகள் நிறைய மெஷினின் வேகத்தில்தான் ஓடும். வேகமான ப்ராசஸரைப் போட்டால் நீங்கள் விரலை வைப்பதற்குள் பைக் பாறையில் மோதிக் கிடக்கும். அதற்காகத்தான் பழைய பெட்டியில் டர்போ என்று ஒரு பட்டன் வைத்தான். பெயர்தான் டர்போ, நாங்கள் அதை அமுக்கியது பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கத்தான். அதனால் எந்த விளையாட்டு என்று முதலில் கேட்பேன், அதற்கேற்ற போர்டு, பிறகு ப்ராசஸர், அப்புறம்தான் சவுண்டு எல்லாம். பெண் பார்ப்பதைவிட இதில் பொருத்தம் அதிகம் பார்க்க வேண்டும்.

போன வருஷம் ஆயுத பூசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ராணி மதினி ஜீப்பில் வந்து இறங்கினாள். செத்துப்போன என் அண்ணன் பாண்டியின் மனைவி, தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். கையில் கொழுந்து பறிக்கிறவர்கள் போர்த்துகிற கம்பளியில் சுற்றி ஒரு பெட்டி. பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் எஸ்டேட் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தபோது வேலை பார்த்த கம்ப்யூட்டர். ஆபீசில் புது மெஷின் வந்த பிறகு ஸ்டோரில் கிடந்ததை, என் வீட்டுக்காரர் தொட்ட சாமான் என்று கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

“தேனு அடுத்த மாசம் அயர்லாந்து போறா கணேசா. போறதுக்கு முன்னால அவ அப்பா வெளாண்ட கேமை ஒரு தடவ பாக்கணுமாம்.”

“ரொம்பப் பழசு மதினி. ஓடுமான்னு தெரியல.”

“உன்னால முடியாட்டி வேற யாரால முடியும்? நீயும் அவருமா சேந்துதான வெளாண்டீக.”

தேன்மொழி அவளுடைய ஒரே மகள், நர்ஸ். அண்ணன் செத்தபோது எட்டு மாதக் குழந்தை. அந்தப் பிள்ளை கேட்கிறது என்றால் எப்படி மாட்டேன் என்பது? சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன், ஆனால் மதினி போனதும் பெட்டியைத் திறக்காமலே பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஏன் என்று சொல்லியாக வேண்டும், இதை இருபத்தைந்து வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அப்போது பதினேழு வயசு. ஆபீஸ் ஆட்கள் நாலு மணிக்குப் போன பிறகு அண்ணனும் நானும் அந்த மெஷினில் மலைப்பாதை பைக் பந்தயம் ஆடுவோம், ஒரே கீபோர்டில் அவன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். நாலரைக்கு எஸ்டேட் ஜீப் கிளம்பும், அதில் அண்ணன் வீட்டுக்குப் போவான். அதுவரை ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. அன்றைக்கு, ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போகிறேன் என்று அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன், ஜீப் போய்விட்டது. ஐந்து இருபதுக்கு ஜெயித்தேன். ஆட்டம் முடிந்தால் ‘இன்னொரு ஆட்டமா?’ என்று இங்கிலீஷில் கேட்கும், அதற்குப் பதில் அமுக்கினால்தான் ஜெயித்தவன் பெயரையும் தேதியையும் நேரத்தையும் பட்டியலின் உச்சியில் எழுதும். அண்ணன் வேண்டாம் என்று அமுக்கினான். என் பெயர், அதாவது ‘தம்பி’ என்று, முதல் வரியில் ஏறியது.

“நாளைக்கு அடிக்கேன் பாருலே,” என்றான். “ஜெயிச்சவன்தான் மெஷின அணைக்கணும். அணை.”

நான்தான் அணைத்தேன், இந்தக் கையால். அவன் ஆபீசைப் பூட்டிச் சாவியை மேனேஜர் பங்களாவில் கொடுக்கப் போனான், நான் தேயிலைக்குள் குறுக்கு வழியில் ஓடிவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவன் கொழுந்து லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான், மூடுபனியில் வளைவில் லாரி கவிழ்ந்துவிட்டது. ஐந்தே முக்கால் மணி என்று போலீஸ் கடுதாசியிலேயே இருந்தது. ஏன் ஜீப்பில் வரவில்லை என்று வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு கேட்டபோது என் வாயில் வந்த பொய்: பெரிய கிளார்க் ராகவன் சார் செக்ரோல் எழுதச் சொல்லி நிறுத்தி வைத்துவிட்டார், நான் மைதானத்தில் இருந்தேன். செக்ரோல் என்றால் தொழிலாளிகளின் பேர்ப் பதிவு. பயத்தில் சொன்ன பொய்தான், ஆனால் அது அப்படியே நின்றுவிட்டது. மதினி அன்றிலிருந்து ராகவன் சார் முகத்தில் விழித்ததில்லை. ரிட்டையராகிக் குமுளியில்தான் இருக்கிறார். எதிரே வந்தால் இவள் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவாள். பார்த்துக்கொண்டு நானும் சும்மா இருந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது புரிகிறதா? அந்தப் பெட்டி ஓடினால் பட்டியலின் முதல் வரியே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

திறந்து பார்த்தேன். போர்டில் ஒட்டியிருந்த பேட்டரி ஒழுகிப் பச்சை பிடித்துப் பாதியைத் தின்றிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் அதே வேகத்தில் ஒரு போர்டு கிடைத்தது. அதிலும் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டேன், பழைய போர்டு எது வந்தாலும் முதல் வேலை அதுதான். பேட்டரி இல்லாத மெஷினுக்குத் தேதி நினைவிருக்காது, எப்போது போட்டாலும் 1980 ஜனவரி ஒன்று, நடுராத்திரி பன்னிரண்டு மணி என்றுதான் எழுந்திருக்கும். பிறகு பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டினேன். கரகரவென்று கத்திவிட்டு ஓடியது. பட்டியலைத் திறந்தேன். முதல் வரி தம்பி, அந்தத் தேதி, ஐந்து இருபது. கீழே எல்லாம் பாண்டி, பாண்டி, பாண்டி. எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நான் செய்ததைக் கேட்டால் திட்டுவீர்கள். டிஸ்கைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பதில் புது மெமரி கார்டு மாட்டி, விளையாட்டை என்னிடமிருந்த ஃப்ளாப்பியிலிருந்து புதிதாக ஏற்றினேன். பட்டியலைத் திறந்து பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை. ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். மதினிக்குப் போன் போட்டு, டிஸ்க் போய்விட்டது, கேம் மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறேன் என்றேன்.

“அவரு பேரு அதுல இருக்கும்லா?”

“இருக்காது மதினி.”

சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். செத்தவன் வீட்டிலேயே திருடியவன் மாதிரி இருந்தது எனக்கு.

ஆயுத பூசை வந்தது. இந்தப் பக்கம் பூசைக்கு வைத்த சாமானை விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. சாமியை நம்பாவிட்டாலும் அந்த வழக்கத்தை நான் விட்டதில்லை. அஷ்டமி சாயங்காலம் என் ஸ்குரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், அண்ணனுடைய பெட்டி எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டேன். பெட்டியின் கரண்ட் வயரைக் கழற்றிச் சுருட்டி மேலேயே வைத்தேன். கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். இரண்டு ராத்திரி, ஒரு பகல், கடை பூட்டியே கிடந்தது.

விஜயதசமி காலை ஒன்பது மணிக்கு மதினியும் தேனுவும் வந்தார்கள், நல்ல வெயில், வெளியே ஏலக்காய் கடைக்காரர்கள் சத்தம். வயர் சுருட்டிய படியே இருந்தது, பொட்டு கலையவில்லை. நானே மாட்டிப் போட்டேன். 1980 ஜனவரி ஒன்று என்று வந்தது. பாரும்மா, இதுக்கு நாள் கிழமை தெரியாது என்று தேனுவிடம் பெருமையாகக் காட்டினேன். விளையாட்டு திறந்தது, மலைப்பாதை வந்தது, மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஜெயிச்சவங்க பேரு எங்க வரும் சித்தப்பா?”

“அதுல ஒண்ணும் இருக்காதும்மா,” என்று சொல்லிக்கொண்டே பட்டியலைத் திறக்கிற கீயை அமுக்கினேன்.

இரண்டு வரி இருந்தது.

நான் திருப்பி அணைப்பதற்குள் தேனு குனிந்து படித்துவிட்டாள். “மேல அப்பா பேரு இருக்கும்மா. அப்பா செத்த தேதி. ஆறு நாப்பது. அதுக்குக் கீழ தம்பின்னு இருக்கு. அதே தேதி, அஞ்சு இருபது.”

தம்பி வரியாவது எனக்குத் தெரிந்த வரி. மேலே இருந்ததை நான் என் வாழ்நாளில் பார்த்ததே இல்லை, பழைய டிஸ்கிலும் அது கிடையாது.

“ஆறு நாப்பதா?” என்றாள் மதினி. “அஞ்சே முக்காலுக்கு லாரி கவுந்துருச்சே.” சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “தம்பின்னா நீதான? அஞ்சு இருபதுக்கு நீ அங்கயா இருந்த?”

சொல்லிவிட்டேன். நின்றபடியே, ஒன்றுவிடாமல். தேனு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மதினி அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை, அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு பாவமும் அறியாத மனுசனை இத்தனை வருசமா வைஞ்சிருக்கேன்,” என்றாள். “நீ போயி அவருகிட்டச் சொல்லு. சொல்லிட்டு வா, பெறகு எங்கிட்டப் பேசு.”

கடையைக்கூடப் பூட்டாமல் போனேன். ராகவன் சார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலையாளம் கலந்த தமிழ்தான் அவருக்கு.

“நான் அவனுக்கு அன்னைக்கு ஒரு ஜோலியும் கொடுத்தில்ல கணேசா. எனக்குத் தெரியாதா? ஆனா மரிச்ச வீட்டில போய் நின்னு தர்க்கம் பண்ண முடியுமா?” பேப்பரை மடித்து வைத்தார். “ஒரு காரியம் மட்டும் எனக்கு இதுவரை மனசிலாகல. அவன் மரிச்ச பிற்றே நாள் காலையில ஆபீஸ் திறந்தது நான்தான். சாவி ராத்திரி முழுக்க பங்களாவில இருந்தது. உள்ளே போனா கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டிருக்கு. இன்னொரு ஆட்டமான்னு இங்கிலீஷில கேட்டு நிக்குது. மேனேஜர் பார்த்தா மரிச்சவன் பேரில குற்றம் சொல்லுவாரேன்னு வயரைப் பிடுங்கி விட்டேன். பாண்டி அணைக்க மறந்துபோனான்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லல.”

மறக்கவில்லை சார், நான்தான் அணைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அமுக்காமல் வயரைப் பிடுங்கினால் டிஸ்கில் ஒன்றும் எழுதாது. அதனால்தான் பழைய டிஸ்கில் ஆறு நாற்பது இல்லை. அதுவரை சரி. அன்றைக்கு எழுதாமல் போனது, தேதியே தெரியாத மெஷினில், கரண்டே இல்லாமல், என் வெற்றுக் கார்டில் எப்படி வந்து ஏறியது? கார்டைக் கழற்றி, மாட்டி, எனக்குத் தெரிந்த சோதனை எல்லாம் செய்துவிட்டேன். லூஸ் கனெக்‌ஷன் எங்கேயும் இல்லை.

தேனு புறப்படும் அன்றைக்கு ராகவன் சார் மதினி வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், மதினியே கூப்பிட்டுப் பரிமாறினாள். என்னிடமும் இப்போது பேசுகிறாள். பெட்டி அவள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது, பேட்டரி போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள். வேலை விட்டு வந்ததும் அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பாளாம், இன்னொரு ஆட்டமா என்று அது கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்று அமுக்குவாளாம். அவளுக்கு ஆடத் தெரியாது, அந்த ஒரு கீயைத் தவிர கீபோர்டைத் தொடவே மாட்டாள்.

அப்படியானால் பைக் கிளம்பாமல் அங்கேயே நிற்கிறதா மதினி என்று ஒவ்வொரு தடவையும் கேட்க நினைக்கிறேன். இதுவரை கேட்டதில்லை.